ஆவுடைக்கு அவிக்காத புட்டு

சங்கரன்கோவில்
24–8–1952

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் பொய் சொல்கிறார்கள். உங்கள் தங்கை ஆவுடை பெரிய மனுஷி ஆகவில்லை.

இதை முதலில் சொல்லியாயிற்று. இனி, நான் நலம். மாமாவும் அத்தையும் நலம். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. நீங்கள் நலமா? மதராஸ் ஓட்டல் குழம்பில் இன்னும் புளி மட்டும்தான் மிதக்கிறதா?

இந்நேரம் மாமா போட்ட மஞ்சள் தடவிய கார்டு உங்களுக்கு வந்திருக்கும். அதை நம்பாதீர்கள். நடந்தது எல்லாம் என் அடுப்பிலிருந்துதான் ஆரம்பித்தது. அதனால் நான் சொல்வதுதான் சரி.

அரிசிக் கட்டுப்பாடு எடுபட்ட பிறகு கடையில் பச்சரிசி கேட்டபடி கிடைக்கிறது. எத்தனை வருஷம் புழு நெளிகிற ரேஷன் அரிசியைப் பொறுக்கிப் பொறுக்கித் தின்றோம்! நல்ல பச்சரிசியைக் கண்ணால் பார்த்ததும் எனக்கு ஒரே நினைப்பு: புட்டு. செங்கோட்டையில் எங்கள் வீட்டில் வாரத்தில் நாலு நாள் காலையில் புட்டுதான். போன மாதம் வந்த என் தம்பி, கயிறு சுற்றிய மூங்கில் குழாய் ஒன்று கொண்டுவந்து கொடுத்திருந்தான். வெள்ளிக்கிழமை அத்தை கரிவலம்வந்தநல்லூரில் தங்கை வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலைதான் வருவார்கள். நானும் ஆவுடையும் விழுந்தடித்துக்கொண்டு அரிசியை ஊறப் போட்டோம்.

அவள் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநாள் விடியுமுன்னே அரிசியை வடித்து உரலில் இடித்தோம். சலித்தோம். வறுத்தோம். உப்புத் தண்ணீரைத் தெளித்து மாவைப் பிசிறினேன். “கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும், விரலால தட்டுனா உதிரணும். அதுதான் பதம்” என்றேன். அவள் பிடித்துப் பிடித்துத் தட்டினாள். சலிக்கும்போது ஒரு தும்மல் போட்டாள் பாருங்கள், சல்லடை மாவு அத்தனையும் அவள் தலையில். “மதினி, நான் ஆச்சியாயிட்டேன்” என்று குனிந்து நடந்து காட்டினாள். தலைக்குக் குளித்துவிட்டு வா என்று விரட்டினேன். அந்தத் தும்மல்தான் குடியைக் கெடுத்தது.

பானையில் தண்ணீர் கொதித்தது. குழாயில் ஒரு பிடி தேங்காய்த் துருவல், இரண்டு பிடி மாவு, மறுபடி தேங்காய் என்று நிரப்பி, பானை வாயில் பொருத்தினேன். மேலே சிரட்டை மூடி. அதன் கண் வழியாக ஆவி சீறிக்கொண்டு வந்தது. அந்த மணம் சுவர் தாண்டிப் போயிற்று. அடுத்த வீட்டுப் பார்வதியக்காள் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

“ஏ மீனா, என்ன அவிக்கே?”

“புட்டுக்கா.”

“புட்டா! ஆவுடை எங்க?”

“பின்னால குளிச்சிட்டிருக்கா.”

“சனிக்கிழமையா? தலைக்கா?”

“ஆமா, தலைக்குத்தான்.”

குழாயை இறக்கிக் கம்பால் தள்ளுகிற நேரம். தள்ளியதும் வெள்ளை வெளேரென்று முழுக் கட்டையாக இலையில் விழுந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வதியக்காள் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தத் தெருவில் புட்டு அவிப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கல்யாணமாகி எட்டு மாதத்தில் அதைத் தவிர மற்றதெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். கால் நாழிகையில் வாசலில் குலவை. பத்துப் பெண்கள் உள்ளே வந்தார்கள். ஈரத் தலையோடு நின்றவளைப் பிடித்து மூலையில் உட்கார வைத்தார்கள். குறுக்கே உலக்கையைப் போட்டார்கள். அவள் ஏதோ விளையாட்டு என்று சிரித்தாள்.

“அக்கா, அவ ஒண்ணும் ஆகலை. இது காலையில திங்கதுக்கு” என்று கத்தினேன்.

“காலையில திங்கதுக்கு யாருட்டி புட்டு அவிப்பா? புதுப்பொண்ணுல்லா, சொல்லக் கூச்சப்படுதா” என்று என் கன்னத்தைக் கிள்ளினார்கள். என் புட்டை அவள் தலையைச் சுற்றினார்கள். பிறகு உட்கார்ந்து தின்றார்கள். நல்லாயிருக்கு என்றார்கள். யாரோ புளியங்குடி பஸ்ஸில் உங்கள் தாய்மாமாவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

அத்தை பதினொரு மணிக்கு வந்தார்கள். ஆவுடையை உள்ளே கூப்பிட்டு விசாரித்தார்கள். வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்து வாயைத் திறந்தார்கள். அந்த நேரத்தில் பரமசிவன் மாமா ஏழு தாம்பாளத்தோடு, மூத்த மகன் சண்முகையாவையும் கூட்டிக்கொண்டு, படியேறி வந்தார். அத்தை வாயை மூடிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

அடுப்படியில் கேட்டேன். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “தாம்பாளம் நடை தாண்டி உள்ள வந்துட்டு. திருப்பிக் குடுத்தா எந் தம்பி இந்த வாசல மிதிப்பானா? இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு ஆகப்போறவதான? ரெண்டு மாசம் முந்திச் சொன்னா என்ன கொறஞ்சு போகுது?”

குறைந்துபோவது இதுதான்: அவளுக்கு இனிப் பள்ளிக்கூடம் இல்லை. எட்டாம் வகுப்பு. மார்ச்சில் சர்க்கார் பரீட்சை. தேறினால் பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங். உங்களுக்குத் தெரியாததா? நீங்கள்தான் ஆசை காட்டினீர்கள். இப்போது ஓலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து, “மதினி, திங்கக்கெழமை கணக்குப் பரீட்சை. நான் எப்படிப் போக?” என்று கேட்கிறாள்.

மாமாவுக்கு உடனே எழுதுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

உங்கள்
மீனாள்

⁂

மதராஸ்
28–8–1952

என் அன்பு மீனாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துச் சிரித்து எனக்கு விலாவே நோகிறது. தும்மலாம், மாவாம், குளியலாம், குலவையாம்! ஆபீசில் வாசித்துக் காட்டினேன். எங்கள் பத்திரிகை ஆசிரியர் மேஜையைத் தட்டி, “உம்ம சம்சாரம்தானய்யா எழுத்தாளர்” என்றார். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

கோபமும் வருகிறது. பெண்ணின் உடம்பைத் தெருவுக்கே திருவிழாவாக்குகிற இந்த மூடத்தனம் ஒழிய வேண்டும். போன வாரம் பெரம்பூர்க் கூட்டத்தில் இதைத்தான் ஒரு மணி நேரம் பேசினேன். எத்தனை கைதட்டல்!

நீ கவலைப்படாதே. அப்பாவுக்குக் காரசாரமாக எழுதுகிறேன். ஆவுடையிடம் அண்ணன் இருக்கிறான் என்று சொல்.

ஒரு சந்தேகம். புட்டு உடையாமல் முழுக் கட்டையாக எப்படி வந்தது? இங்கே ஒரு மலையாளத்தான் கடையில் தின்றேன். மண் மாதிரி உதிர்ந்தது.

அன்புடன்
குற்றாலநாதன்

⁂

சங்கரன்கோவில்
3–9–1952

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் காரசாரமான கடிதம் வந்தது. மாமா என்னையே வாசிக்கச் சொன்னார்கள். “சுபச் செய்தி அறிந்து மகிழ்ச்சி. மற்றவை பெரியவர்கள் யோசித்துச் செய்யவும். பத்திரிகை வேலையால் சடங்குக்கு வர இயலவில்லை.” இவ்வளவுதான் இருந்தது. அடுத்த பக்கம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். விலாசம்தான் இருந்தது.

பெரம்பூரில் ஒரு மணி நேரம் பேசினவருக்கு ஒரு கார்டில் நாலு வரி கிடைக்கவில்லையா?

மாமா பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள், இனி மகள் வரமாட்டாள் என்று. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா எழுத்து, மணி மணியாக இருக்கிறது. ஏழாம் தேதி சடங்கு. தை மாதம் சண்முகையாவுக்குக் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. அவனுக்கு இருபத்துநாலு வயது. எலுமிச்சம்பழ மண்டியில் உட்கார்ந்துகொண்டு, வருகிற போகிறவனை எல்லாம் “ஏலே” என்கிறான். இவளுக்கு இன்னும் பதின்மூன்று முடியவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலையில் புட்டு அவிக்கிறேன்! புட்டு மணத்தால்தானே வினை வந்தது? அந்த மணத்துக்கு அர்த்தமே இல்லாமல் ஆக்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அத்தை, “வீடு விளங்குமா?” என்று குதித்தார்கள். மாமா ஒரு கட்டையை உடைத்து, வாழைப்பழத்தைப் பிசைந்து தின்றுவிட்டு, இன்னொரு கட்டைக்கு இலையைக் காட்டினார்கள்.

பார்வதியக்காள் சுவருக்கு மேல் வந்தாள்.

“இன்னைக்கு ஆருக்குட்டி புட்டு?”

“எங்க மாமாவுக்கு.”

“ஒங்க மாமா பெரிய மனுஷி ஆயிட்டாவளாக்கும்!” என்று அவளே சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்குக் குழாயை இரவல் கேட்டு வந்தாள். கொடுத்திருக்கிறேன். மாவில் தண்ணீரை ஒரே தடவையாக ஊற்றிவிடாதே, தெளித்துத் தெளித்துப் பிசிறு, குழாயில் அழுத்தித் திணிக்காதே என்று சொல்லி அனுப்பினேன். நீங்கள் கேட்டதற்கும் அதுதான் பதில்.

எனக்குக் கை பரபரக்கிறது அத்தான். ஒரு தெருவின் பழக்கத்தை நாலு நாளில் மாற்றிவிடலாம்! ஒரு குழாய் போதும். ஆனால் மாமா எழுதிக் கொடுத்த தாளை என் புட்டால் மாற்ற முடியாது. அதற்கு நீங்கள் வேண்டும். சடங்குக்கு முன்னால் வாருங்கள். வந்து, இது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள்
மீனாள்

⁂

மதராஸ்
9–9–1952

என் அன்பு மீனாவுக்கு,

இத்துடன் இந்த வாரப் பத்திரிகையை அனுப்பியிருக்கிறேன். பதினோராம் பக்கத்தைப் பார்! உன் கடிதத்தைக் கதையாக்கிவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். முதல் நாளிலேயே ஆறு பாராட்டுக் கடிதம். இந்த மாதக் கடைசியிலிருந்து என்னைத் துணை ஆசிரியராக்குவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். உன்னால்தான் மீனா! தலைகால் புரியவில்லை எனக்கு.

சடங்குக்கு வர முடியவில்லை. வருத்தப்படாதே. அம்மாவின் சுபாவம் உனக்குத் தெரியாது. தம்பி என்றால் உயிர். நான் வந்து ஊர் நடுவில் பொய் என்று சொன்னால் அவள் சோற்றில் கை வைக்கமாட்டாள். பரமசிவன் மாமாவும் லேசான ஆளில்லை.

கொஞ்சம் பொறு. சமூகம் ஒரே நாளில் மாறாது. இன்னொன்று, நல்ல செய்தி. திருவல்லிக்கேணியில் மாடி அறை ஒன்று பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று. ஐப்பசியில் உன்னை அழைத்து வந்துவிடலாம். அப்பா சம்மதித்து அனுப்ப வேண்டும். அதுவரை வீட்டில் எதிர்த்துப் பேசாமல் இரு. ஆவுடை விஷயத்தை அவர்கள் போக்கிலேயே விட்டுவிடு. குழாயையும் எடுத்துக்கொண்டு வா. இங்கே நாம் இரண்டு பேரும் தினமும் புட்டு தின்னலாம்.

அன்புடன்
குற்றாலநாதன்

⁂

சங்கரன்கோவில்
16–9–1952

அன்புள்ள அத்தானுக்கு,

கதையைப் படித்தேன். ஆவுடைக்கும் வாசித்துக் காட்டினேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். கதையில் மதினி ஒன்றும் தெரியாத அசடு, அழுதுகொண்டே இருக்கிறாள். போகட்டும். கடைசியில் அண்ணன் ரயிலில் வந்து இறங்குகிறான். தாம்பாளத்தை எட்டி உதைக்கிறான். தங்கையைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறான். வாசித்து முடித்ததும் அவள் கேட்டாள்: “மதினி, அண்ணன் எந்த ரயில்ல வாராவ?”

நான் என்ன பதில் சொல்லட்டும்?

இப்போது ஒரு செய்தி. போன புதன்கிழமை ஆவுடை உண்மையாகவே ஆகிவிட்டாள். சடங்கு முடிந்து மூன்றாம் நாள்! காலையில் என்னிடம் வந்து சொன்னாள். அத்தையிடம் சொன்னேன். அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. “சத்தம் போடாதட்டி! ஊருக்குச் சோறு போட்டு ஒம்பது நாள் கூட ஆகலை, மறுபடியும் ஆனான்னா சிரிக்கமாட்டாங்களா? குளிச்சிட்டுச் சும்மா இருக்கச் சொல்லு” என்றார்கள். ஒன்பது நாளா மூன்று நாளா என்று எண்ணக்கூடப் பதற்றம்.

ஓலைத் தடுப்பு இல்லை. உலக்கை இல்லை. தனித் தட்டு இல்லை. அவள் என்னோடு அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவினாள். எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு வைத்தாள். எல்லாம் அத்தை கண் முன்னாலேயே! கூரை இடிந்து விழவில்லை. பசு பால் கறந்தது. பொய்க்குப் பதினாறு நாள் தீட்டு, மெய்க்கு ஒரு நாள் கூட இல்லை. எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்து, ஈரமாவில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். மாமா அதையும் தின்றார்கள்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கிற்று. அவள் இன்னும் ஆகவில்லை, ஆகவில்லை என்று நான் உங்களிடம் வாதாடினேன். அது தப்பான வாதம். ஆகியிருந்தால் மட்டும் என்ன? ஆனால் பள்ளிக்கூடம் போகக்கூடாதா? கணக்கு மறந்துபோகுமா? முதல் கடிதத்தின் முதல் வரியை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவள் பெரிய மனுஷிதான். பள்ளிக்கூடம் போக வேண்டும்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு தெரு வழியே நடந்தேன். அத்தை வாசலில் நின்று தலையிலடித்துக்கொண்டார்கள். ஆனால் சத்தமில்லாமல் அடித்துக்கொண்டார்கள், அக்கம்பக்கத்துக்குக் கேட்கக்கூடாதே. தெருவே பார்த்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. பயம் என்று நினைத்தேன். பாதி வழியில்தான் தெரிந்தது, அது பயமில்லை. ஓடலாம் போலிருந்தது! பார்வதியக்காள் மட்டும், “ஏட்டி மீனா, எங்க போறிய?” என்றாள். “பள்ளிக்கூடத்துக்கு” என்றேன். “போங்க, போங்க. வரும்போது எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போ. நான் அவிச்சது கட்டையா வரமாட்டேங்கு” என்றாள். அவ்வளவுதான் அத்தான் தெரு. நாம் பயப்படுகிற அளவுக்கு அது ஒன்றும் பெரிதில்லை.

தலைமையாசிரியை ஞானபூரணம் டீச்சர் ஆவுடையைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்கள். கணக்கில் அவள்தான் வகுப்பில் முதல் என்றார்கள். ஆனால் மாமா எழுதிக் கொடுத்த தாள் அங்கே இருக்கிறது. அது இருக்கும்வரை சேர்க்க முடியாது. தகப்பனார் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் வயது வந்த அண்ணன் கையெழுத்து. சர்க்கார் பரீட்சைக்குப் பெயர்ப் பட்டியல் முப்பதாம் தேதி போகிறது.

என் கையெழுத்துப் போதாதா என்று கேட்டேன். செல்லாதம்மா என்றார்கள். புட்டு அவிக்கிற கை, உரல் இடிக்கிற கை, உங்கள் பத்திரிகைக்குக் கதை எழுதிக் கொடுத்த கை. பள்ளிக்கூடத் தாளில் மட்டும் செல்லாது.

மாமாவிடம் கேட்டேன். “நான் எழுதிக் குடுத்தத நானே அடிச்சு எழுதுனா ஆபீஸ்ல ஒருத்தன் மதிப்பானா?” என்றார்கள். பிறகு, வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டு, “அவன் போட்டா நான் தடுக்கமாட்டேன்” என்றார்கள். இதைக் கவனியுங்கள். தடுக்கமாட்டாராம்!

டீச்சர் கொடுத்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே புள்ளி வைத்த இடத்தில் உங்கள் பெயரை எழுதி, மறு தபாலில் அனுப்புங்கள். உங்கள் அம்மாவுக்கு நேரே நீங்கள் நிற்க வேண்டாம். பரமசிவன் மாமாவோடு பேச வேண்டாம். அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள்
மீனாள்

⁂

சங்கரன்கோவில்
22–9–1952

அன்புள்ள அத்தானுக்கு,

தாள் வரவில்லை. தபால்காரரை வாசலிலேயே நிறுத்திப் பையைத் தேடச் சொன்னேன். பரமசிவன் மாமாவுக்கு நீங்கள் போட்ட கார்டு மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறதாம். தையில் கல்யாணத்துக்கு எப்படியும் வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களாம். அவர் ஊரெல்லாம் காட்டுகிறார்.

தவறிப்போயிருக்கும் என்று டீச்சரிடம் இன்னொரு தாள் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை ஸ்டாம்பு ஒட்டி, விலாசம் எழுதிய உறையும் உள்ளே இருக்கிறது. கையெழுத்துப் போட்டு மடித்து வைத்தால் போதும்.

மீனாள்

⁂

சங்கரன்கோவில்
26–9–1952

அத்தானுக்கு,

இன்று தபாலில் உங்கள் பத்திரிகை வந்தது. உள்பக்கத்தில் துணை ஆசிரியர் என்று உங்கள் பெயர் அச்சாகியிருக்கிறது. உறை வரவில்லை.

ஆவுடை என்னோடு இருந்து பாடம் படிக்கிறாள். ஞானபூரணம் டீச்சர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூகோளம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அத்தை அவர்களுக்குக் காப்பி கொடுத்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான், ஆனால் கொடுத்தார்கள். தெருவில் இப்போது ஐந்து வீட்டில் காலைப் பலகாரம் புட்டு. என் தம்பிக்கு எழுதி இன்னும் மூன்று குழாய் கேட்டிருக்கிறேன். இங்கே எல்லாம் அசைகிறது. எல்லோரும் ஓரடியாவது நகர்ந்திருக்கிறார்கள். நகராமல் இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

திருவல்லிக்கேணி அறையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இவள் பரீட்சை எழுதி முடிக்கிறவரை நான் இந்த ஊரை விட்டு அசையமாட்டேன். அதற்குப் பிறகும் வருவேனா என்பது எனக்கே தெரியாது. அறையை வேறு யாருக்காவது விட்டுவிடுங்கள்.

டீச்சர் பட்டியலில் ஆவுடையம்மாள் பெயரைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தபாலில் சேர்ப்பார்கள். அதற்குள் பேனாவால் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அழிக்க வேண்டும். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைத்தபின் தபாலுக்கு நேரம் இருக்காது. தந்தி ஆபீஸ் இருக்கிறது. “சம்மதம், குற்றாலநாதன்” என்று இரண்டே சொல். அது போதும், தாள் பின்னால் வரட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள்.

தந்தி அடியுங்கள்.

முத்துமீனாள்